வன்னிக் கரையோரம் சோடியாகக் காரில் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பியும் அவனுடைய புது மனைவியும் மன்னார்ப் பக்கம் நாலு நாள் சுற்றிவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தார்கள். கார் முற்றத்தில் நின்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. சில்லுகளின் உட்பக்கம், கதவின் கீழ்விளிம்பு, பின்பக்க நம்பர் தகடு எல்லாவற்றிலும் சாம்பல் நிறச் சேறு காய்ந்து வெள்ளையாய்ப் பூத்திருந்தது. "எங்கையடா இறக்கினனீ?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அக்கா, வங்காலைப் பக்கம் கொஞ்சம் புதைஞ்சது, தள்ளி எடுத்திட்டம்" என்றான். சாப்பாடு போடுவதற்கு முதலே கிணற்று மோட்டரைப் போட்டு, காரின் அடிப்பக்கம் முழுவதையும் அவனைக் கொண்டே கழுவ வைத்தேன். ஏழு வருடத்துக்கு முன்னர் நானும் என் கணவரும் அதே கரையில் அதே பிழையைச் செய்தோம், அந்தச் செலவை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

அதற்குப் பிறகும் நாங்கள் இருவரும் வருடத்துக்கு ஒருமுறையாவது இலங்கையின் வடக்கே இந்த வன்னிக் கரையைச் சுற்றுகிறோம். பூநகரி, மன்னார், தலைமன்னார், மாதோட்டம், அரிப்பு, பிறகு காட்டைக் குறுக்கே வெட்டி முல்லைத்தீவு. தண்ணீர் கொண்டு போங்கள், தொப்பி போடுங்கள், பெற்றோல் நிரப்புங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விடுகிறேன்.

இரண்டு கடலும் ஒரே கரை என்று நினைப்பது

மன்னார் மேற்குக் கடல், முல்லைத்தீவு கிழக்குக் கடல். இடையில் இருப்பது வன்னிக் காடும் குளங்களும் வயல்களும். கரையோரமாகவே ஓடி அங்கிருந்து இங்கே வர முடியாது. வவுனியா போய் ஏ9 வீதியில் ஏறி மாங்குளத்துக்கு வருவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. ஏ32 இல் வடக்கே வெள்ளாங்குளம் வரை வந்து, துணுக்காய், மல்லாவி ஊடாக மாங்குளத்தில் ஏறுவது எங்களுக்குப் பிடித்த வழி. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு இன்னும் கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர் இருக்கிறது. இதற்கு ஒரு பகலை முழுதாக ஒதுக்குங்கள். காலையில் தலைமன்னாரில் சூரியோதயம், பின்னேரம் முல்லைத்தீவில் குளிப்பு என்று திட்டம் போட்ட சோடிகள் இரண்டையும் ஒழுங்காகப் பார்க்காமல் வாய்ச்சண்டையோடு வீட்டுக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"டொறிக் மாளிகை எங்கே?" என்று கேட்பது

அரிப்பில் நின்று இப்படிக் கேட்டால் பலர் உங்களைப் பேசாமல் பார்ப்பார்கள். அல்லிராணிக் கோட்டை என்று கேளுங்கள், சின்னப் பிள்ளையும் கை காட்டும். உண்மையில் அது கோட்டை அல்ல. 1798 முதல் 1805 வரை பிரித்தானிய ஆளுநராக இருந்த பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கடல் கீழே மண்ணை அரித்துக்கொண்டே வருகிறது, மேட்டின் விளிம்பில் சுவர்கள் விழும் நிலையில் நிற்கின்றன. படம் எடுக்க அந்தச் சுவரில் மனைவியை ஏற்றி நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

அரிப்பில் ஒரு பழைய சின்னக் கோட்டையும் இருக்கிறது. அது வேறு, இது வேறு. கண்டி அரசனிடம் 19 வருடங்களுக்கு மேல் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1679 இல் காட்டு வழியாகத் தப்பி ஒல்லாந்தரிடம் வந்து சேர்ந்தது அந்தக் கோட்டைக்குத்தான். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

யாரோ போன சில்லுத் தடத்தைப் பாதை என்று நம்புவது

நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஓகஸ்ட் மாதம். கச்சான் காற்று அனலாய் அடித்தது. திருக்கேதீச்சரத்தில் கும்பிட்டுவிட்டு, பாலாவிக் கரையில் கொஞ்சம் இருந்துவிட்டு, அரிப்புப் பக்கம் தெற்கே வந்துகொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், அவர் கைத்தொலைபேசியில் வரைபடம் பார்த்தார். வலது பக்கம் வெளியாய்க் கிடந்த நிலம் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று இருந்தது, அதற்கு அப்பால் ஒரு நீலக் கோடாகத் தண்ணீர். "இஞ்சேரும், இதிலை ஒரு தடம் போகுது, தண்ணிக்குக் கிட்டப் போகலாம் போலை கிடக்கு" என்றார். நான் பார்த்தேன். உண்மையாகவே சில்லுத் தடம் இருந்தது, வரைபடத்திலும் மெல்லிய கோடு ஒன்று காட்டியது. எனக்கு மனம் ஒப்பவில்லை. "நடந்து போவமே" என்றேன். "இந்த வெயிலுக்கை நடக்கிறதோ" என்றார். நான் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டேன்.

நூறு மீற்றர் நன்றாகத்தான் போனது. பிறகு ஸ்டியரிங் பாரமாகியது, கார் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல் மெதுவானது. அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நிறுத்தி, இறங்கிப் பார்த்து, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னுக்கு எடுப்பது. நானோ அக்சிலேற்றரை மிதித்தேன். முன்சில்லு இரண்டும் சுழன்று மேலே இருந்த உப்புப் படலத்தை உடைத்துக்கொண்டு அச்சு வரை இறங்கிவிட்டன.

அந்த நிலம் எப்படிப்பட்டது என்று விளங்கினால் நீங்கள் ஒருநாளும் இறக்க மாட்டீர்கள். மாரியில் களப்புத் தண்ணீர் அங்கே பரந்து நிற்கும், பூநாரைகள் மேய்வதும் அந்தத் தண்ணீரில்தான். மழை நின்று வெயில் ஏறத் தண்ணீர் வற்றும், உப்பு மட்டும் மேலே காய்ந்து ஓடு போல இறுகும். அந்த ஓடு மனிதரைத் தாங்கும், மாட்டைத் தாங்கும், சைக்கிளையும் தாங்கும். காரைத் தாங்காது. ஓட்டுக்குக் கீழே ஈரம் காயவே காயாது, கறுத்த கொழகொழச் சேறு, நாறும். நாங்கள் நம்பிப் போன தடம் லான்ட்மாஸ்டர் ஒன்றின், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்றின் தடம் என்று பிறகுதான் தெரிந்தது. அதன் சில்லு உயரம், பல் பெரியது, ஓட்டுகிறவருக்கு எங்கே திரும்ப வேண்டும் என்பதும் தெரியும். சின்னக் காரின் வயிறு நிலத்திலிருந்து ஒரு சாண்தான்.

வலையோடு வந்த ஒரு ஐயா தூரத்திலேயே கையை ஆட்டினார். கிட்ட வந்து, "பிள்ளை, மாரியிலை நாங்கள் இதிலை இறால் பிடிக்கிற இடமெல்லோ" என்றார். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. போய் ஒரு ட்ரக்டரைக் கூட்டி வந்தார்.

இங்கேதான் இரண்டாவது பிழை. அவசரத்தில், கயிற்றை முன்சில்லுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டிய கம்பியில் கட்ட விட்டோம். காருக்கென்று இழுக்கும் கொளுக்கி இருக்கிறது. பல சின்னக் கார்களில் அது பின் பெட்டிக்குள் ரயர் மாற்றும் சாமான்களோடு தனியாகக் கிடக்கும், பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி அதை முறுக்கிப் பூட்ட வேண்டும். வீட்டை விட்டு வெளிக்கிட முதல் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். எங்கள் காரில் அந்தக் கம்பி வளைந்தது, சில்லு கோணலாகி ஒரு ரயர் பாதியாகத் தேய்ந்தது.

மூன்றாவது, மிகப் பெரிய பிழை: கழுவாமல் விட்டது. வெளியே வந்த சந்தோசத்தில் இரண்டு நாள் அப்படியே ஓடினோம். ஆறு மாதத்தில் பிரேக் குழாய், சைலன்சர், அடித்தகடு எல்லாம் கறள் பிடித்தன. கராஜில் கொடுத்த காசு என்னுடைய ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம், அது இரண்டு முறை. உப்புச் சேறு பட்டால் அன்றைக்கே, நல்ல தண்ணீரால், அடியில் குழாய் பிடித்துக் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவிப் பயனில்லை.

புதைந்தே விட்டால் ரயரில் பாதிக் காற்றை இறக்குங்கள், சில்லுக்கு முன்னும் பின்னும் தோண்டிப் பனையோலை அல்லது பலகை போடுங்கள், மற்றவர் தள்ள, வந்த வழியே பின்னுக்கு எடுங்கள். சில்லு ஒரே இடத்தில் சுழன்றால் அந்தக் கணமே காலை எடுங்கள்.

வீதியை விட்டு இறங்கக் கூடாது என்பதற்கு உப்பை விடப் பெரிய காரணமும் வன்னியில் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றும் வேலை எல்லா இடத்திலும் முடிந்துவிடவில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கண்டால் காரும் போகக் கூடாது, காலும் போகக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஊர்ச் சனத்திடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒழுங்கு: இருவரில் ஒருவர் "வேண்டாம்" என்றால் கார் அந்த இடத்திலேயே நிற்கும், காரணம் கேட்பதில்லை. தண்ணீருக்குக் கிட்டப் போக ஆசை வந்தால் வீதியோரம் நிறுத்திவிட்டு நடக்கிறோம். பின்னேரம் ஐந்து மணிக்கு அந்த வெளியில் இரண்டு பேராக நடந்து பாருங்கள், கார் நினைவே வராது.

தலைமன்னாரில் பத்து நிமிடம் நிற்பது

பழைய இறங்குதுறையைப் படம் பிடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறார்கள். 1914 இலிருந்து ரயிலால் இறங்கிக் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் மீண்டும் ரயில் பிடித்த இடம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பிறகும் ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடி, 1980களில் யுத்தத்தோடு நின்றது. என் அம்மம்மா அந்தக் கப்பலில் போய் வந்தவர், பெட்டிக்குள் பனங்கட்டிக் குட்டான் கொண்டு போனதைச் சாகும் வரை சொல்வார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் போக முன்னர் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

மன்னார்க் கோட்டையை நடுப்பகலில் பார்ப்பது

நிழலே இல்லை. 1560 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டையின் மதிலில் நின்று களப்பைப் பார்க்க வேண்டிய நேரம் காலை ஏழு மணி. வெயில் ஏறினால் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடிக்குப் போய்விடுங்கள்.

இருட்டிய பின் ஓடுவது

மாடுகள் தார் வீதியில் படுத்திருக்கும். முல்லைத்தீவு வீதியில் யானையும் வரும். ஓடாதீர்கள்.

வைகாசிப் பொங்கல் நேரத்தில் அறை தேடுவது

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வன்னியே திரளும். அறை கிடைக்காது. உப்புநீரில் விளக்கேற்றும் அந்தப் பொங்கலைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் உறவுக்காரர் வீடு ஒன்றை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

முள்ளிவாய்க்காலைச் சுற்றுலா இடமாக நினைப்பது

பூவோடு போங்கள். படம் வேண்டாம்.

முல்லைத்தீவில் கோட்டை தேடுவது

1803 ஓகஸ்டில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரைத் தாக்கிக் கைப்பற்றிய கோட்டை எங்கே என்று கடற்கரை முழுக்க அலைகிறார்கள். இன்று அங்கே கோட்டை என்று காட்ட ஒன்றும் இல்லை. அந்தக் கதையைத் தேடுகிறவர்கள் மாங்குளத்திலிருந்து வரும் வழியில் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், கற்சிலைமடுவில் நிறுத்த வேண்டும். அதே வருடம் ஒக்டோபர் 31 அன்று வொன் டிறிபேர்க் என்ற தளபதி அவனைத் தோற்கடித்தது அங்கேதான் என்று நினைவுக்கல் வைத்த இடம் அது. முல்லைத்தீவுக்கு வந்து சேர்ந்த பிறகு இதைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போக நேரமில்லாமல் நின்றவர்களில் என் தம்பியும் ஒருவன். அடுத்த முறை அவர்களை நானே கூட்டிக்கொண்டு போகிறேன், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரையும் கும்பிட்டுவிட்டு வரலாம்.