பறவைக்காய்ச்சல் நேரத்தில் முட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலப்புழையில் வாத்துகள் செத்தன என்று செய்தி வந்தால் போதும், இங்கே பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்க் கடைகளில் இரண்டு பேச்சு கிளம்பிவிடும். "முட்டைப் பக்கமே போகாதே" என்பது ஒன்று. "நாளைக்குக் கிடைக்காது, இப்பவே ரெண்டு ட்ரே எடுத்து வை" என்பது இன்னொன்று. 2014, 2016, 2021, 2024 என்று ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாட்டில் நோய் வந்தபோதெல்லாம் இதே கதைதான். இரண்டுமே தவறு.

பதுக்கி வைப்பதால் ஏன் பயனில்லை? நம் கடைகளுக்கு முட்டை வருவது பெரும்பாலும் நாமக்கல்லிலிருந்து. வாளையாறு, வேலந்தாவளம் சோதனைச்சாவடிகளில் தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையினர் நிறுத்துவது, கேரளத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் கோழி, வாத்து, முட்டையை. அதனால் குட்டநாட்டு வாத்து நோயால் நமக்கு முட்டை அடியோடு நின்றுபோகாது. 2021 ஜனவரியில் ஜனங்கள் பயந்து வாங்காமல் விட்டதில் நாமக்கல் பண்ணை விலை இறங்கவே செய்தது. முட்டைக்கோழிப் பண்ணைகளையே நோய் தாக்கினால் விஷயம் வேறு. 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் கோதாவரி மாவட்டங்களில் அப்படித்தான் ஆனது. அழித்த கோழிக்குப் பதிலாகக் குஞ்சு விட்டு, அது முட்டையிட ஏறக்குறைய 5 மாதம் வேண்டும். 5 மாதத் தட்டுப்பாட்டை இரண்டு ட்ரே தாங்குமா? வெயில் காலத்தில் வெளியே அடுக்கி வைத்தால் பாதி கெட்டும் போகும். வாரத்துக்கு வேண்டியதை வாங்கினால் போதும்.

விலை ஏறியிருப்பதைவிட, திடீரென்று மலிவாக வருவதைக் கண்டுதான் நான் பயப்படுகிறேன். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி வாத்து முட்டையைப் பாதி விலைக்குக் கொடுத்தால், எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் வாங்கவே வேண்டாம். வாத்து, நோய் அறிகுறி வெளியே தெரியாமலே கிருமியைச் சுமக்கும். விரிசல் விட்ட முட்டையைக் குறைந்த விலைக்குத் தள்ளுவதும் இந்த நேரத்தில்தான் நடக்கும், அதுவும் வேண்டாம்.

சமையலில் ஒரே விதி: உள்ளே வரை 70 டிகிரி சூடு ஏறினால் கிருமி செத்துவிடும். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவிடுங்கள். மஞ்சள் கரு வேகாத புல்சையும் ஆஃப் பாயிலும் இந்த மாதங்களில் வேண்டாம், பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டாம். வாங்கி வந்ததும் மொத்தமாகக் கழுவி அடுக்குகிற பழக்கத்தையும் விடுங்கள். ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் பூச்சு போய்விட்டால், நுண்துளை வழியாக அழுக்கு உள்ளே இறங்கும். முட்டையைத் தொட்ட கையைத்தான் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

வீட்டில் நாலு கோழி வளர்ப்பவர்கள் செய்யும் தவறு இன்னும் பெரிது. முட்டை வந்த அட்டை ட்ரேயைப் பாருங்கள்: குழிகளின் ஓரத்தில் காய்ந்த எச்சம் ஒட்டியிருக்கும், ஒன்றிரண்டு இறகும் இருக்கும். அதைக் கோழிக்கூட்டில் விரிப்பதும், அதிலேயே தவிடு கொட்டித் தின்ன வைப்பதும் இங்கே சாதாரணம். எச்சத்தின் வழியாகத்தான் இந்த நோய் முக்கியமாகப் பரவுகிறது. கடை ட்ரே கூட்டுக்குப் போகவே கூடாது.

முட்டை விலை ஏறியதும் பிள்ளைகள் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றும் வைக்காமல் விடுவது எனக்கு மனசே ஆறாத விஷயம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு பிடி நிலக்கடலையில் ஏறக்குறைய அது கிடைக்கும். பாசிப்பயறு, கொண்டைக்கடலைக் கறியும் ஆகும். ஆனால் பயறில் வைட்டமின் பி12 இல்லை. கூடவே மத்தி மீனோ தயிரோ வேண்டும்.

அப்புறம், கோழி வரிசையாகச் செத்தால் வாய்க்காலில் வீசாதீர்கள், அறுத்துச் சமைக்காதீர்கள், மிச்சக் கோழியைச் சொந்தக்காரர் வீட்டுக்கு ஓட்டிவிடாதீர்கள். வெறுங்கையால் தொடாமல், பக்கத்து கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை அழிப்பார்கள், அந்தப் பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். அழித்தால் இழப்பீடு உண்டு: 2021இல் கேரள அரசு இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாயும், முட்டைக்கு 5 ரூபாயும் அறிவித்தது.