மைக்கேல்சன் குறுக்கீட்டுமானி: வகுப்புக்கு முன் சரிசெய்வது எப்படி

இந்தக் கருவி லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, இரு ஆடிகளில் பட்டுத் திரும்புபவற்றை மீண்டும் சேர்த்து, திரையில் ஒளியும் இருளும் மாறிமாறி வரும் வரிகளை உண்டாக்கும். முதலில் கதிரை விரிக்கும் விரிலென்ஸை எடுத்துவிடுங்கள். ஹீலியம்-நியான் லேசரை மட்டும் விட்டால் திரையில் பல புள்ளிகள் தெரியும். கதிர்பிரிப்பானின் பின்முகப் பிரதிபலிப்புகளும் அவற்றில் உண்டு. மிகப் பிரகாசமான இரண்டையும் ஓர் ஆடியின் திருகுகளால் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொண்டுவாருங்கள். சரியாகப் பொருந்தியதும் புள்ளிக்குள் மெல்லிய கோடுகள் நடுங்கும். அதைப் பார்த்த பிறகுதான் லென்ஸை வைக்க வேண்டும். வட்டங்களுக்குப் பதில் வளைகோடுகள் வந்தால் ஆடி இன்னும் சாய்ந்திருக்கிறது.

வரிகளை எண்ணத் தொடங்குமுன், ஆடியை நகர்த்தும் மைக்ரோமீட்டர் திருகை ஒரு முழுச் சுற்று, எண்ணப்போகும் திசையிலேயே திருப்புங்கள்; இல்லாவிட்டால் திருகின் தளர்வு அளவைக் கெடுக்கும். 100 வரிகள் கடக்க ஆடி ஏறத்தாழ 31.6 மைக்ரோமீட்டர் நகரும். இருமடங்கு நகர்வை வரி எண்ணிக்கையால் வகுத்தால் லேசரின் அலைநீளமான 632.8 நானோமீட்டர் கிடைக்கும். ஒரு வரியைத் தவறவிட்டாலே 6 நானோமீட்டர் பிசகும், ஆகவே மாணவர்கள் இருவர் இருவராக எண்ணட்டும்.

வரிகள் தானாக ஊர்ந்தால் பெரும்பாலும் ஏர்கான் காற்றுதான் காரணம். அட்டைப்பெட்டியால் மூடுங்கள்.

சிங்கப்பூர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். 40–50 சதவீத ஈரப்பதமுள்ள உலர் அலமாரியில் வையுங்கள். முன்முகப் பூச்சுள்ள ஆடியைத் துணியால் துடைக்கவே வேண்டாம். ரப்பர் ஊதியால் தூசியை ஊதினால் போதும்.