பார்க்கின்சன், டிமென்ஷியா: மனக்குழப்பம் வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கை நடுக்கத்துக்கும் நடைத் தடுமாற்றத்துக்கும்தான் பார்க்கின்சன் நோயாளியை டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். ஆனால் குடும்பத்தை அதிகம் உலுக்குவது பல நேரம் வேறொன்று. மூலையில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாக அப்பா சொல்வார். ஐம்பது வருடம் கூட வாழ்ந்த அம்மாவைச் சந்தேகப்படுவார். நடுராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு கிளம்புவார். இதை வயசுக் கோளாறு என்றோ காத்துக்கருப்பு என்றோ நினைத்து டாக்டரிடம் மறைக்காதீர்கள். நோயாலும் வரும், அதற்குத் தரும் மருந்தாலும் வரும்.

மிக ஆபத்தான தவறு, "எப்படியாவது அமைதியாக்குங்கள்" என்று கேட்டு, கிடைத்த ஊசியையோ மாத்திரையையோ போடுவது. மனக்குழப்பத்துக்கான பெரும்பாலான மருந்துகள் மூளையில் உடல் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. பார்க்கின்சனில் குறைந்துபோவதே அந்த டோபமைன்தான். ஹாலோபெரிடால் கொடுத்தால் உடல் விறைத்து, எழுந்து நடந்தவர் படுக்கையோடு கிடக்கலாம், விழுங்கவே சிரமப்படலாம். ரிஸ்பெரிடோன், ஓலன்சபைனிலும் இந்த அபாயம் உண்டு. லூயி பாடி டிமென்ஷியா (மூளை செல்களில் ஒருவகைப் புரதம் கட்டிகட்டியாகச் சேர்ந்து நினைவும் யோசனையும் குலையும் நோய்) உள்ளவர்களுக்கு இந்த விளைவு உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து தவிர்க்க முடியாதபோது நரம்பியல் மருத்துவர்கள் பெரும்பாலும் குறைந்த அளவில் குவெட்டியாபின் அல்லது குளோசபின் தருவார்கள். குளோசபின் எடுத்தால் வெள்ளை அணுக்களைப் பார்க்க ரத்தப் பரிசோதனை தொடர்ந்து செய்தாக வேண்டும். அதை ஒருமுறைகூடத் தள்ளிப்போடக் கூடாது. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனக்குழப்பத்துக்கான புதிய வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. 2008-இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளையும் அந்த எச்சரிக்கையில் சேர்த்தது. ஆகவே ஒருமுறை எழுதிய சீட்டை வருடக்கணக்கில் அப்படியே வாங்கிக் கொடுக்காதீர்கள். இன்னும் தேவையா என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.

வாந்திக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். மெட்டோகுளோபிரமைடும் டோபமைனைத் தடுக்கும். தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசினும் அப்படியே. இந்தப் பெயர்களையெல்லாம் நோயாளியின் ஃபைல் அட்டையிலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு உங்கள் அப்பாவின் கதை தெரியாது.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் குழம்பிப்போனால், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவது, சொல்லத் தெரியாத வலி என ஏதாவது ஒன்று பின்னால் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். புதிதாகச் சேர்ந்த மருந்தையும் பாருங்கள். கடையில் வாங்கிய சளி மருந்தில் இருக்கும் குளோர்பெனிரமைன், நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிபெனிடில், சிறுநீர் அவசரத்துக்கான ஆக்ஸிபியூட்டினின் மூன்றுமே குழப்பத்தைக் கிளப்பக்கூடியவை. தூக்க மாத்திரை குழப்பத்தையும் கூட்டும், விழவும் வைக்கும்.

சரி, மருந்துதான் காரணம் என்றால் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நீங்களாக நிறுத்தாதீர்கள். பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிரே போகலாம். டாக்டர் குறைக்கும்போது பொதுவாக டிரைஹெக்ஸிபெனிடில், அமன்டடின், பிரமிபெக்ஸோல் போன்ற மற்ற பார்க்கின்சன் மருந்துகளில் ஆரம்பித்து, லெவோடோபாவில் கடைசியாகத்தான் கை வைப்பார்.

வெட்கப்பட்டு மூடி மறைக்கும் விஷயம் ஒன்று உண்டு. பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் என்ற பார்க்கின்சன் மருந்துகளை எடுக்கும் சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, அடங்காத பாலுணர்ச்சி வரலாம். செல்போனில் ரம்மி ஆடிச் சேமிப்பு கரையும் வரை குடும்பத்துக்குத் தெரியாமலே போகலாம். அவரைத் திட்டாதீர்கள், அது அவருடைய குணம் கெட்டதால் வந்ததில்லை. டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள்.

இல்லாத பிள்ளைகளைப் பார்ப்பவரிடம் "அங்கே யாருமில்லை" என்று வாதாடிப் பயனில்லை, பயம்தான் கூடும். ஆமாம், எனக்கும் தெரிகிறது என்று பொய் சொல்லவும் வேண்டாம். "எனக்குத் தெரியலப்பா, ஆனா நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றால் போதும். சாயங்காலமே விளக்கைப் போடுங்கள், பயமுறுத்தும் கண்ணாடியை மூடிவையுங்கள், கண் புரையைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகளைக் கண்டு அவர் பயப்படாமல் சிரிக்கிறார் என்றால், புதிதாக மருந்து சேர்க்கத் தேவையே இல்லாமல்கூடப் போகலாம். எந்த நேரத்தில் தெரிகிறது, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து என்று குறித்துவைத்து, எல்லா மருந்து அட்டைகளோடும் டாக்டரிடம் காட்டுங்கள்.