வீட்டிலேயே டிரிப்ஸ் மருந்து: கொங்கு மருத்துவமனை மருந்தகங்கள் சறுக்கும் இடங்கள்

கால் எலும்பில் கிருமி பிடித்த ஒருவருக்குக் காய்ச்சல் அடங்கிவிட்டது, புண் ஆறத் தொடங்கிவிட்டது. ஆனால் நரம்பு வழியாகச் செலுத்த வேண்டிய மருந்து இன்னும் சில வாரங்களுக்கு இருக்கிறது. அதற்காகக் கோவையில் படுக்கையைப் பிடித்துக்கொண்டு கிடக்க முடியாது. காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் மாடு கறக்க ஆள் இல்லை. அறை வாடகை வேறு ஏறிக்கொண்டே போகிறது. மருத்துவமனை மருந்தகமே மருந்தையும் நர்ஸையும் வீட்டுக்கு அனுப்பினால் இரு தரப்புக்கும் நல்லதுதான். ஆனால் பில் போட்டுப் பையைக் கட்டியதும் தன் வேலை முடிந்தது என்று மருந்தகம் நினைத்தால் சேவை அங்கேயே கெடுகிறது. வார்டில் மருந்தாளுநர் தவறவிட்டதை நர்ஸ் பிடிப்பார். நர்ஸ் தவறவிட்டதை ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேட்பார். தோட்டத்து வீட்டில் அந்தக் காவல் எதுவும் கிடையாது.

முதல் தவறு, தேவையே இல்லாதவரைச் சேர்த்துக்கொள்வது. நம் பக்கத்தில் 'தெம்புக்கு ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள்' என்று கேட்காத குடும்பம் குறைவு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், அதாவது ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரை. இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ள முதியவருக்கு அந்த அரை லிட்டர் நீரே மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். கேட்டவருக்கெல்லாம் பாட்டில் அனுப்பும் மருந்தகம், உண்மையிலேயே தேவைப்படுபவரைக் கவனிக்கும் நேரத்தை இழக்கிறது.

ஆன்டிபயாடிக்கிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். எலும்பு, மூட்டுத் தொற்றுகளில் முதல் ஆறு வாரச் சிகிச்சையை மாத்திரையாகக் கொடுத்தாலும் ஊசிக்கு இளைத்ததில்லை என்று பிரிட்டனில் நடந்த ஒவைவா ஆய்வு 2019இல் காட்டியது. லினசோலிட் போன்ற மருந்து வாய் வழியாகக் கொடுத்தாலும் ஏறக்குறைய முழுமையாக உடலில் சேர்கிறது. எல்லாத் தொற்றுக்கும், எல்லாக் கிருமிக்கும் இது பொருந்தாதுதான். ஆனாலும் 'இவருக்கு மாத்திரை போதாதா?' என்று டாக்டரிடம் கேட்கும் முதல் ஆள் மருந்தாளுநராக இருக்க வேண்டும். வருமானம் குறையுமே என்று வாயை மூடிக்கொள்வது மருந்தாளுநர் வேலையே அல்ல.

இனி வழியில் நடப்பது. குளிர்ச்சி கெடாமல் அனுப்புவதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம்.

கோபிக்கோ தாராபுரத்துக்கோ அவசரமாக மருந்து வேண்டுமென்றால், 'பஸ்ஸில் போட்டுவிடுங்கள், ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்கிறோம்' என்பது இங்கே சாதாரணப் பேச்சு. விசைத்தறி உதிரிபாகத்துக்கு அது சரி. ஓட்டுநர் பக்கத்து என்ஜின் மூடியின் மேல் மருந்துப் பெட்டி வைக்கப்பட்டால் என்ன ஆகும்? சித்திரை வெயிலில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல; பஸ்ஸுக்குள் இன்னும் கூடுதல். கேஸ்போஃபங்கின் (பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து), எரித்ரோபொய்டின் (ரத்தச்சோகைக்கான ஊசி) போன்றவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை.

சூட்டுக்குப் பயப்படும் அளவுக்கு யாரும் உறைவதற்குப் பயப்படுவதில்லை. ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராகக் குப்பியை ஒட்டி வைத்தால் மருந்து உறைந்துவிடும். எரித்ரோபொய்டின், இன்சுலின் போன்ற புரத மருந்துகள் ஒருமுறை உறைந்தால் வீண். உருகிய பின் பார்வைக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம் என்பதுதான் ஆபத்து. ஐஸ் பேக்கைச் சற்று நேரம் வெளியே வைத்து, நடுவில் அட்டையோ துணியோ கொடுத்து, பெட்டிக்குள் ஒரு வெப்பமானி வைத்து அனுப்புங்கள். பெட்டியை வாங்கும்போது அது காட்டிய அளவை வீட்டார் முன்னிலையில் எழுதி வாங்குங்கள்.

வீட்டு ஃப்ரிட்ஜ் இன்னொரு கதை. கதவில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடேறும். ஃப்ரீஸரை ஒட்டி வைத்தால் உறையும். நடுத் தட்டு, மூடிய டப்பா, அவ்வளவுதான். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று செய்தித்தாளில் வரும் துணைமின் நிலையப் பட்டியலை மருந்தகத்தில் ஒருவர் தினமும் பார்க்க வேண்டும். காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் மாலை நாலு, ஐந்து மணிக்குத்தான் வரும். அன்றைக்கு அந்த ஊருக்கு மருந்தை முன்கூட்டியே அனுப்பி இருப்பு வைக்காமல், அன்றன்றைக்கு எடுத்துப் போவதே சரி. மின்சாரம் இல்லாமல் தன் அழுத்தத்திலேயே மருந்தை இறக்கும் பலூன் பம்பில் நிரப்பி அனுப்புகிறவர்களுக்கு ஒரு சொல்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே இணைத்தால் திரவம் மெதுவாகத்தான் இறங்கும். பம்ப் பழுது என்று நள்ளிரவில் அழைப்பு வரும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே இணைக்கச் சொல்லுங்கள்.

கலப்பதில் வரும் தவறுகள் உயிரோடு விளையாடுபவை. செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை ரிங்கர் லாக்டேட் (ஆர்.எல்.) பாட்டிலில் கலக்கக் கூடாது. அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிவு உண்டாகும். பூஞ்சை மருந்தான ஆம்ஃபோடெரிசினுக்கு நேர்மாறான சிக்கல்: சலைனில் கலந்தால் கெட்டது, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்தான் வேண்டும். 2021இல் கறுப்புப் பூஞ்சை பரவியபோது இதை எல்லோரும் படித்தோம், பிறகு மறந்தும் போனோம். மருந்தை மட்டும் அனுப்பிவிட்டு, 'பாட்டிலை உங்கள் ஊர்க் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் மருந்தகங்கள் இருக்கின்றன. கடையில் சலைன் தீர்ந்திருந்தால் 'ஆர்.எல். இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான்' என்று கொடுத்துவிடுவார்கள். மருந்து, கலக்கும் திரவம், டிரிப் செட் மூன்றும் ஒரே பையில் போக வேண்டும்.

மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கைக் காலையில் மொத்தமாகக் கலந்து மூன்று வேளைக்கு வைத்துவிட்டு வரும் நர்ஸைக் குறை சொல்வதற்கு முன், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதிய சீட்டை அப்படியே ஏற்றுக்கொண்ட மருந்தகத்தைக் கேட்க வேண்டும். கலந்த மெரோபெனம் சாதாரண வெப்பத்தில் சில மணி நேரம்தான் தாங்கும். ஒரு நாளில் மூன்று முறை தாராபுரம் சாலையில் யார் போய்வருவது? நாளுக்கு ஒரே வேளை போடும் எர்டாபெனம் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் சூடோமோனாஸ் கிருமியிடம் அது செல்லாது. ஆகவே மருந்தகம் தானாக மாற்றக் கூடாது. வான்கோமைசின் ஒரு கிராம் என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட வேண்டும். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று டிரிப் குழாயின் உருளையை முழுதாகத் திறந்துவிட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். அதை ஒவ்வாமை என்று எழுதிவைத்து, நல்ல மருந்து ஒன்றை அந்த நோயாளிக்கு நிரந்தரமாக மூடிவிடுவார்கள்.

முதல் டோஸை வீட்டில் தொடங்காதீர்கள். மருத்துவமனையில் கொடுத்து, கண்காணித்து, பிறகு அனுப்புங்கள். அப்படியும் நர்ஸ் பையில் அட்ரினலின் இருக்க வேண்டும். ஒவ்வாமை வந்து மூச்சு இழுக்கும்போது அவில், டெக்ஸாமெத்தசோன் ஊசிகளைத் தேடுவது நம் பழக்கம். முதலில் வேண்டியது தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின், பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், பிறகு 108. அந்த ஆம்புலன்ஸ் வந்து சேர வேண்டுமே! தோட்டத்து வீடுகளுக்குக் கதவிலக்கம் சொல்லிப் பயனில்லை. வாய்க்கால் பாலம், கோயில், பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயர், இடக்குறி எல்லாம் முதல் நாளே பதிவாகியிருக்க வேண்டும். யார், எப்போது, எந்த வண்டியில் வருவார்கள் என்று முன்னதாகத் தொலைபேசியில் சொல்லுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தோட்டத்தில் தனியாக வாழும் முதியவர்கள் அறிமுகமில்லாதவருக்குக் கேட்டைத் திறக்க அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

இன்னொன்று: நம் ஆட்கள் மரியாதைக்காக எதற்கும் 'சரிங்க' என்பார்கள். புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஆத்தா, கை வீங்கினால் என்ன செய்வீர்கள், நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். டிரிப்ஸை மூட நாம் சொல்லிக்கொடுத்த மருமகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாரா என்றும் கேளுங்கள்.

காகித வேலையில் இரண்டு. செஃப்ட்ரையாக்சோன், மெரோபெனம் எல்லாம் டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியலில் உள்ளவை. வீட்டுக்குப் போனாலும் டாக்டர், நோயாளி, அளவு பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பதிவேடு மூன்று ஆண்டு இருக்க வேண்டும். இன்சூரன்ஸில் வீட்டுச் சிகிச்சைக்கான டொமிசிலியரி பிரிவு பொதுவாக, நோயாளியை நகர்த்த முடியாத நிலை அல்லது மருத்துவமனையில் இடமின்மைக்குத்தான். வசதிக்காக வீட்டில் போட்டுக்கொண்டதற்குப் பணம் வராமல் போகலாம். டிஸ்சார்ஜுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊசியை வீட்டில் விட்டுவிட்டு வரவே கூடாது. தோட்டத்தில் குப்பை எருக்குழிக்குப் போகும், எரு வயலுக்குப் போகும், அங்கே களை எடுக்கிறவர்கள் வெறுங்காலோடு நிற்பார்கள். துளைக்க முடியாத டப்பாவில் போட்டு மருத்துவமனைக்கே திரும்பக் கொண்டுவந்து, 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசியை வெள்ளையிலும், குழாய்களைச் சிவப்பிலும், கண்ணாடிக் குப்பிகளை நீலத்திலும் சேர்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்று சீட்டில் இருக்கும். அதை எடுக்க யார் போவது, முடிவை யார் பார்ப்பது என்று எழுதியிருக்காது. அமிகாசின், வான்கோமைசின் ஓடும்போது சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறுவதை வாரக் கடைசியில் யாரும் பார்க்காமல் திங்கட்கிழமை அடுத்த டோஸ் போனால் சிறுநீரகம்தான் விலை கொடுக்கும். முடிவு வராமல் அடுத்த வாரத்து மருந்தை விடுவிக்காத மருந்தகமே நல்ல மருந்தகம். கடைசி டோஸ் தேதியையும், பிக் லைனை (மருந்து செலுத்தக் கை நரம்பில் பொருத்திய நீண்ட குழாயை) அகற்றும் தேதியையும் முதல் நாளே அதே தாளில் எழுதுங்கள். மருந்து முடிந்தும் குழாய் கையிலேயே இருந்தால் அது கிருமிக்குத் திறந்த வழி. அகற்றிய பிறகு குழாயின் நீளத்தை அளந்து, பொருத்தியபோது குறித்த அளவோடு ஒப்பிட்டுப் பதிந்த பின்பே கோப்பை மூட வேண்டும்.