வீட்டுச் சுவரைத் தொடாமல் 37 அடி ஆண்டெனா கம்பம்: சாய்த்து நிமிர்த்தும் முறை

எங்கள் வீடு பட்டுக்கோட்டைப் பக்கம், தாத்தா கட்டிய ஓட்டு வீடு. சுண்ணாம்புச் சாந்துச் சுவர். துளை போட்டால் ஒரு பிடி பொடிதான் கொட்டும், போல்ட் நிற்காது. ஓட்டின் மேல் ஏறி எதையும் கட்டவும் முடியாது. ஹாம் ரேடியோ (தனிநபர்கள் உரிமம் வாங்கி நடத்தும் பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) உரிமம் கைக்கு வந்த பிறகும் பல மாதங்கள் ஆண்டெனா இல்லாமலே இருந்ததற்கு இதுதான் காரணம்.

கொல்லையில் இடம் இருந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் கொல்லையில் பதினொரு தென்னைகளில் ஒன்பது விழுந்தன. அதற்குப் பிறகு ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் கோபுரங்களும் படுத்துவிட்டன. அக்கா வீட்டுக்கு "நாங்கள் நலம்" என்று ஒரு வார்த்தை சொல்ல மூன்று நாள் ஆனது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ரேடியோக்காரர் பாரதி பிரசாத் தன் ரேடியோ வழியாகத்தான் வெளியுலகத்துக்குத் தகவல் அனுப்பினார். அதைப் பற்றி முன்பே படித்திருந்தேன். ஆனால் இதை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனதில் பதிந்தது அந்த மூன்று நாளில்தான்.

அதனால் என் கம்பத்துக்கு நான் வைத்த முதல் நிபந்தனை உயரம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் பத்து நிமிடத்தில் தரைக்கு இறக்க முடிய வேண்டும், ஓய்ந்ததும் மறுபடி நிமிர்த்த முடிய வேண்டும். கீழே உள்ள எல்லாமே அந்தக் கணக்கில் செய்தவை.

இடம் பார்ப்பது

கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடக் கூடாது. கம்ப உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் விடுங்கள். 37 அடிக் கம்பத்துக்கு 55½ அடி. வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரும் இதில் சேர்த்திதான். இந்த இடைவெளி கிடைக்காவிட்டால் கம்பத்தைக் குட்டையாக்குங்கள். இதில் மட்டும் சமாதானமே கிடையாது.

தென்னைக்கு அடியில் வேண்டாம், மட்டை விழுந்தால் ஸ்டே கயிறு (கம்பத்தைச் சாயாமல் நாலா பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கயிறு) போய்விடும். கம்பம் படுக்கிற திசையில் 40 அடி நீளத்துக்குக் காலியாக இருக்க வேண்டும். எனக்கு அது வடக்கு. கிழக்கிலும் மேற்கிலும் தெற்கிலும் வடக்கிலும் 24 அடியில் ஒவ்வொரு ஸ்டே. பொதுவாக உயரத்தில் 60 முதல் 80 சதவீத தூரத்தில் ஸ்டே இருந்தால் நல்லது.

பைப்

இரண்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், தலா 20 அடி, பி கிளாஸ் (நடுத்தரக் கனம்). கீழே 2 அங்குலம், அதற்குள் செருகி மேலே 1½ அங்குலம். மூன்று அடி உள்ளே போகும், ஆக மொத்தம் 37 அடி.

ஒன்றரைக்குள் ஒன்றேகால் அங்குலப் பைப் நெருக்கமாகப் போய் உட்காரும் என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள். போகாது. பி கிளாஸ் ஒன்றரை அங்குலப் பைப்பின் உள்விட்டம் ஏறத்தாழ 41.8 மில்லிமீட்டர், ஒன்றேகாலின் வெளிவிட்டம் 42.4. மெல்லிய ஏ கிளாஸ் வாங்கினால் காகிதத்தில் சரியாக வரும், ஆனால் பைப்புக்குள் நீளவாக்கில் ஒரு வெல்டிங் தழும்பு ஓடும். விரலை விட்டுப் பாருங்கள், நெல்மணி கனத்துக்குத் தட்டுப்படும். அதில் இடித்து நின்றுவிடும். 2 அங்குலத்துக்குள் ஒன்றரை போனால் நாலரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆட்டம் இருக்கும். அதை ஜிஐ தகட்டுப் பட்டை சுற்றி நிரப்பி, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு 12 மில்லிமீட்டர் போல்ட் போட்டால் அசையாது. வெட்டிய விளிம்புக்கு ஜிங்க் பெயிண்ட் அடியுங்கள். அடிப் பைப்பின் கடைசியில் தண்ணீர் வடிய ஒரு துளை விடுங்கள்.

இரண்டும் சேர்ந்து எடை சுமார் 52 கிலோ.

குழியும் கான்கிரீட்டும்

நடுவில் 2 அடிக்கு 2 அடி, ஆழம் 3 அடி. அதில் இரண்டு இரும்பு சேனல்களை (ப வடிவ இரும்புத் துண்டுகளை) எதிரெதிராக நட்டு, நடுவில் பைப் புகுகிற இடைவெளி விட வேண்டும். ஸ்டே ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைக்கு ஒன்றரை, ஆழம் 3 அடி. உள்ளே 16 மில்லிமீட்டர் கம்பியைக் கொக்கியாக வளைத்துப் புதைக்கலாம். 1:2:4 கலவையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழு மூட்டை சிமெண்ட் பிடித்தது. ஈரச் சாக்கு போட்டு ஏழு நாள் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கு முன் கயிறு கட்டி இழுக்க வேண்டாம்.

கீல்: நான் தடுக்கி நின்ற இடம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

சேனல்களுக்கு நடுவே பைப்பைப் பிடிக்கிற போல்ட்தான் கீல். கம்பம் அதில்தான் சுழன்று எழும். அந்தப் போல்ட்டைத் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் வைத்தேன், வேலை செய்ய வசதியாக இருக்கும் என்று. கிழக்கு ஸ்டே கொக்கி தரைமட்டத்தில் இருந்தது. மேற்குக் குழி தோண்டும்போது விழுந்த தென்னையின் வேர்க்கட்டை வந்தது. மண்ணும் பொதபொதவென்று இருந்ததால் குழியை மூன்று அடி வடக்கே தள்ளிப் போட்டோம். மூன்று அடிதானே, கயிற்றை நீட்டிக் கட்டிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

கம்பம் படுத்திருந்த நிலையில் பக்கக் கயிறுகளை அளவாக இறுக்கிக் கட்டிவிட்டு, தெற்கிலிருந்து நான்கு பேர் இழுத்தோம். பாதி எழும் முன்பே மேற்குக் கயிறு வீணைத் தந்தி போல விறைத்தது. கம்பத்தின் நுனி மேற்கே வில்லாக வளைய ஆரம்பித்தது. மேஸ்திரி கத்தினார்: "தம்பி, இழுக்காதீங்க, மேக்கால கயிறு புடிக்குது, அப்படியே இறக்குங்க!" இறக்கினோம். பைப் தப்பியது. யாருக்கும் அடி இல்லை.

அன்று இரவு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மேல் ஸ்டே கீலிலிருந்து 30 அடியில் இருக்கிறது. கொக்கி பக்கவாட்டில் 24 அடியில், கீலைவிட மூன்று அடி தாழ்வாக இருக்கிறது. படுத்திருக்கும்போது கயிற்றின் நீளம் 38.5 அடி. நிமிர்ந்து நிற்கும்போது 40.8 அடி. இரண்டேகால் அடி கூடுதலாகக் கேட்கிறது! கொக்கி வடக்கேயும் மூன்று அடி தள்ளியிருந்தால் இந்த வித்தியாசம் நாலரை அடியைத் தாண்டுகிறது. கயிறு நீளாது, அதனால் கம்பம் வளைந்தது.

விதி இதுதான். கிழக்கு, மேற்கு ஸ்டே கொக்கிகளும் கீல் போல்ட்டும் ஒரே நேர்கோட்டில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கயிற்றின் நீளம் படுத்தாலும் நின்றாலும் ஒன்றேதான். எனக்கு இப்போது 38 அடி 5 அங்குலம், எந்தக் கோணத்திலும் மாறுவதில்லை.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? கீல் போல்ட்டின் இரு முனையையும் தொட்டபடி கிழக்கிலிருந்து மேற்கு வரை கொத்தனார் நூல் கட்டுங்கள். கொக்கி இரண்டும் நூலின் கீழேயே விழ வேண்டும், தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். மட்டத்துக்கு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய்) தான் நம்பகமானது. ரசமட்டத்தை 24 அடிக்கு இழுத்துப் பார்த்தால் பிசகும். பிறகு கம்பத்தின் நுனியைக் கையால் பத்தடி தூக்கி ஒரு முக்காலியில் வைத்து, பக்கக் கயிறுகளைத் தட்டிப் பாருங்கள். தரையில் இருந்த அதே விறைப்பு இருந்தால் தைரியமாக நிமிர்த்தலாம்.

நான் வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்து, மேற்குக் குழியைக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு பக்கமும் மூன்று அடி உயரப் பைப் நட்டு, பின்னால் முட்டுக் கொடுத்து, அதன் தலையில் கயிற்றைக் கட்டினேன். நீங்கள் புதிதாகச் செய்வதாக இருந்தால் இந்தச் சுற்றுவழி வேண்டாம். கீலைத் தரையிலிருந்து அரை அடியில் வையுங்கள், பக்கக் கொக்கிகளையும் அதே அரை அடியில் வையுங்கள். மூன்று அடி உயரத்தில் இன்னொரு போல்ட் போட்டுக் கம்பத்தைப் பூட்டிக்கொள்ளலாம்.

கயிறு

பாலியஸ்டர் கயிறு, 8 மில்லிமீட்டர். 18 அடியிலும் 33 அடியிலும் இரண்டு அடுக்கு, நான்கு பக்கம். மொத்தம் 320 அடி வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் உளுத்துப் பொடியாகும். நைலான் மழையில் நனைந்தால் தளரும். முழுக்க இரும்புக் கம்பி போட்டால் ஆண்டெனாவோடு வம்பு செய்யும், இடையிடையே முட்டை இன்சுலேட்டர் (மின்சாரம் கடத்தாத முட்டை வடிவத் துண்டு) போட்டு அறுக்க வேண்டியிருக்கும். கீழ் ஆறு அடிக்கு மட்டும் நான் கம்பிக் கயிறு போட்டேன், ஆடு கடிக்காமல் இருக்க. அதில் யு கிளாம்ப் போடும்போது அதன் தட்டையான அடிப்பாகம் பாரம் தாங்குகிற நீளக் கம்பியின் மேல் வர வேண்டும், வளைந்த யு பாகம் மடித்த சிறு முனையின் மேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் நல்ல கம்பி நசுங்கிப் பிடிப்புப் போகும்.

நிமிர்த்துவது

நேரடியாகக் கயிறு கட்டி இழுத்தால் எழாது, இழுப்பு தரையோடு தரையாகப் போகும். கம்பத்தின் அடியில் அதற்குச் செங்குத்தாக 12 அடி நீளத்தில் ஒரு துணைப் பைப் வேண்டும். கம்பம் படுத்திருக்கும்போது அது நின்றுகொண்டிருக்கும், கம்பம் எழ எழ அது தெற்கே படுக்கும். அதன் தலை வழியாகத்தான் இழுகயிறு போக வேண்டும். மிக அதிக பாரம் தொடக்கத்தில்தான்: என் அளவுக்கு எழுபது எண்பது கிலோ. நான்கு பேர் இழுத்தாலும் எழும், ஆனால் கை வின்ச் (கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கிற உருளை) வாங்குவதுதான் என் விருப்பம். அது பாதியில் அப்படியே நிற்கும், மனிதக் கை நிற்காது.

வடக்குக் கயிற்றை முன்பே சரியான நீளத்துக்குக் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் கம்பம் நிமிர்ந்ததோடு நிற்காமல் தெற்கே தாண்டிவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த நண்பர் ஒருவருக்குத் துணைப் பைப் பக்கவாட்டில் சரிந்துவிட்டது. என்னுடையதை அடியில் பட்டையோடு சேர்த்து வெல்டு வைத்திருந்ததால் எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை, எழுதவும் தோன்றவில்லை. போல்ட் மட்டும் போடுபவர்கள் துணைப் பைப்பின் தலையிலிருந்தும் கிழக்கு, மேற்குக் கொக்கிகளுக்கு ஒவ்வொரு கயிறு கட்டுங்கள்.

இன்னொருவர் மனை 30 அடி அகலம்தான் என்று கேட்டிருந்தார். ஒரே 20 அடிப் பைப்போடு நிறுத்திக்கொண்டு, 12 அடியில் ஸ்டே போடுங்கள். 37 அடிக் கம்பத்துக்கு 12 அடியில் ஸ்டே போட வேண்டாம்.

ஆண்டெனா

உச்சியில் ஒரு கப்பி, அதில் 40 மீட்டர் பட்டைக்கு (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு) இன்வர்ட்டட் வி, அதாவது தலைகீழ் V வடிவில் இரு பக்கமும் சரிந்து இறங்கும் ஒயர் ஆண்டெனா. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.1-க்கு 20.1 மீட்டர், ஒரு பக்கம் சுமார் 10 மீட்டர். வீட்டு ஒயரிங் செய்கிற 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரே போதும். 10.4 மீட்டரில் தொடங்கி நானோ விஎன்ஏ (ஆண்டெனா எந்த அலைவெண்ணுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் சிறு கருவி) வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டுங்கள். இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் சுமார் 7 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். முனைகள் ஆள் கைக்கு எட்டாமல் பத்தடிக்கு மேலேயே நிற்க வேண்டும்.

37 அடி என்பது இந்தப் பட்டையில் கால் அலைநீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அலை பெரும்பாலும் நேர் மேலே போய்த் திரும்பி விழும். வெளிநாடு பிடிக்க இது சிறந்த உயரம் இல்லை. பகலில் சென்னையும் மதுரையும் கொழும்பும் தெளிவாகக் கேட்கிறது, புயல் நேரத்தில் எனக்குத் தேவை அதுதான்.

கம்பத்தின் அடியில் எர்த் ராடு அடித்து, அதை வீட்டு எர்த்தோடும் இணையுங்கள். இடி மழை வரும்போது ஆண்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

இறக்குவது

எச்சரிக்கை வந்ததும், காற்று எழும் முன்பே இறக்க வேண்டும். முதலில் கேபிள், பிறகு ஆண்டெனாவின் இரு முனைகள், பிறகு பூட்டுப் போல்ட். ஒருவர் வின்ச்சில், ஒருவர் வடக்கே நின்று கயிற்றால் மெல்லச் சாய்க்க, ஒருவர் பக்கக் கயிறுகளைக் கவனிக்க. நிமிர்த்தும்போது முதலில் இருந்த பாரம் இறக்கும்போது கடைசியில் வரும், நுனி தரைக்குப் பத்தடி இருக்கும்போது. வின்ச் இல்லாதவர்கள் இழுகயிற்றைத் தெற்கே நட்ட ஒரு கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நுனி வந்து உட்கார முக்காலியை முன்பே போட்டு வையுங்கள். தரையில் இறக்கிய கம்பத்தை இரண்டு இடத்தில் முளையடித்துக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. போன முறை எங்களுக்கு எட்டு நிமிடம் ஆனது.