அலெர்ட்டில் தவறான ஐபி: எந்த இடத்தில் மாறுகிறது?

ஒரு சுவிட்ச்சில் கோளாறு, அலெர்ட்டிலோ வேறொரு ஐபி. உடனே கண்காணிப்பு மென்பொருளின் செட்டிங்கில் கை வைக்க வேண்டாம். முதலில் சர்வருக்கு வந்து சேரும் பாக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள். எஸ்என்எம்பி டிராப் (சாதனம் தானாக அனுப்பும் எச்சரிக்கை) என்றால் யுடிபி போர்ட் 162, சிஸ்லாக் (சாதனம் அனுப்பும் பதிவுச் செய்தி) என்றால் வழக்கமாக யுடிபி போர்ட் 514. பாக்கெட்டைப் பிடிக்கும் டிசிபிடம்ப் கருவி ஐபியைப் பெயராக மாற்றாமல் எண்ணாகவே காட்டட்டும். இல்லாவிட்டால் டிஎன்எஸ்ஸில் கிடக்கும் பழைய பிடிஆர் பதிவு (ஒரு ஐபிக்கு உரிய பெயரைச் சொல்வது) உங்களையும் குழப்பிவிடும்.

பாக்கெட்டிலேயே ஐபி தவறா? பெரும்பாலும் சாதனம்தான் காரணம். டிராப் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக வெளியேறுகிறதோ, அதன் ஐபியையே பல ரவுட்டர்கள் அனுப்புநர் முகவரியாக வைக்கும். ஒரு லிங்க் விழுந்து பாதை மாறினால் ஐபியும் மாறும். சில நேரம் மட்டும் தவறாக வருவது இதனால்தான். டிராப் சோர்ஸை, அதாவது அனுப்புநர் முகவரியை, லூப்பேக் இன்டர்ஃபேஸுக்கு (எந்த லிங்க்கையும் சாராத, சாதனத்துக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) மாற்றிவிடுங்கள். சிஸ்கோவில் டிராப்புக்கும் சிஸ்லாக்குக்கும் இது தனித்தனிக் கட்டளை. ஒன்றைப் போட்டு மற்றதை விட்டுவிடுவது சகஜம். ஃபயர்வாலிலும் லூப்பேக் ஐபிக்கு அனுமதி வேண்டும்.

பல சாதனங்களின் அலெர்ட் ஒரே ஐபியில் வந்தால் நடுவில் நாட் (ஐபியை மாற்றி அனுப்பும் அமைப்பு) அல்லது டிராப் ஃபார்வர்டர் (டிராப்பை வாங்கி மேலே அனுப்பும் சர்வர்) இருக்கிறது. எஸ்என்எம்பி பதிப்பு 1 டிராப்பின் உள்ளே சாதனத்தின் முகவரிக்கென்றே ஒரு புலம் உண்டு. வெளி ஐபி மாறினாலும் அது பொதுவாகத் தப்பிவிடும். பதிப்பு 2சி-யில் அந்தப் புலமே கிடையாது. அங்கே 1.3.6.1.6.3.18.1.3.0 என்ற ஓஐடி (டிராப்பில் உள்ள ஒரு தகவலின் அடையாள எண்) வருகிறதா என்று தேடுங்கள். ஃபார்வர்டர் மூல ஐபியை அதில் சேர்த்திருக்கலாம். சர்வரில் டிராப்பைப் படிக்கும் ஸ்கிரிப்ட் பதிப்பு 1-இன் புலத்தை மட்டும் நம்பியிருந்தால் 2சி டிராப்புக்கு 0.0.0.0 என்றுதான் காட்டும்.

பாக்கெட் சரி, அலெர்ட் மட்டும் தவறு என்றால் கோளாறு சர்வரில். சாபிக்ஸ், நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள்கள் இரண்டிலும் அலெர்ட்டில் வரும் ஹோஸ்ட் ஐபி, பாக்கெட்டிலிருந்து எடுத்ததல்ல. மென்பொருளில் அந்தச் சாதனத்துக்கென உள்ள ஹோஸ்ட் பதிவில் நீங்கள் எழுதி வைத்தது. சாதனத்தை மாற்றிவிட்டுப் பதிவைத் திருத்தாவிட்டால் பழைய ஐபியே வந்துகொண்டிருக்கும். சாபிக்ஸ் டிராப்பை ஹோஸ்ட்டின் எஸ்என்எம்பி இன்டர்ஃபேஸ் முகவரியோடு பொருத்துவதால், சோர்ஸை லூப்பேக்குக்கு மாற்றியதும் இங்கேயும் அதே ஐபியைக் கொடுக்க வேண்டும். இரண்டு ஹோஸ்ட்டுக்கு ஒரே ஐபி இருந்தால் டிராப் இரண்டுக்கும் போகும்.

கடைசியாக, பயன்பாட்டில் இல்லாத ஒரு போர்ட்டில் கேபிளைச் செருகி எடுத்து டிராப் வரவழையுங்கள். மாற்றுப் பாதை இருந்தால், பராமரிப்பு நேரத்தில் முதன்மை லிங்க்கை இறக்கிவிட்டு இன்னொரு முறையும் பாருங்கள்.