மருந்துவாழ்மலை ஏறுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், சுசீந்திரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கண்ணில் படுகிற கருங்கல் மலைதான் மருந்துவாழ்மலை. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையில் இருந்து விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை. பாறையில் நடந்து பழக நம் மாவட்டத்தில் இதுதான் தோதான இடம் என்பது என் எண்ணம். கீழே படிக்கட்டு, மேலே போகப்போகப் பாறை. கால் சரியில்லை என்றால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம்.

படிகூட ஏறிப் பழக்கமில்லாதவர்கள் முதலில் ஒரு காலை சிதறால் மலைக்குப் போய்வாருங்கள். சமணச் சிற்பங்கள் வரை பாதை போட்டிருக்கிறது. காளிகேசம், கோதையாறு பக்கக் காடுகளுக்கு மட்டும் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தபின் விதிகள் இறுகிவிட்டன.

1. நாள் பார்ப்பது

தை, மாசி நல்லது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று உச்சியில் ஆளை நிற்க விடாது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஐப்பசியில் மதியத்துக்குமேல் இடி இடிக்கும், மொட்டைப் பாறையில் ஒதுங்க இடம் கிடையாது. முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

2. என்ன எடுத்துப்போவது

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, கொஞ்சம் மட்டிப்பழம், உப்புக்கு ஏத்தங்காய் வற்றல் (நேந்திரங்காய் சிப்ஸ்). எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும், கையில் பை தொங்கினால் குரங்கு பறித்துவிடும். செருப்புதான் முக்கியம்: ரப்பர் அடியில் வரிகள் தேயாத ஷூ வேண்டும். ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். வெறுங்காலோடு ஏறும் பக்தர்களைப் பார்த்து நீங்களும் கழற்றிவிடாதீர்கள், பத்து மணிக்குமேல் பாறை சுட்டுவிடும்.

3. தொடங்குவது

பொற்றையடியில் பேருந்தை விட்டு இறங்கி அடிவாரத்துக்கு நடங்கள். விடிந்ததும் ஏறத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். தனியாகப் போகாதீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். முதல்முறை போகிறவர்கள் ஏற ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். படிகளில் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

4. பாறையில் நடப்பது

படி முடிந்ததும் பலரும் செய்வது ஒன்று: பயத்தில் குனிந்து, பாறையைக் கட்டிப்பிடிப்பதுபோல் சாய்வார்கள். அங்கேதான் வழுக்கும். உடல் முன்னால் சாய்ந்தால் எடை பாதத்தை விட்டுப் போய்விடுகிறது. பாதத்தை அழுத்துகிற எடைதான் ரப்பரைப் பாறையோடு பிடிக்க வைக்கிறது. அதனால் நிமிர்ந்து, முழுப் பாதத்தையும் பதித்து, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். சரிவு கூடினால் நேராக ஏறாமல் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து போகலாம்.

நிறத்தையும் பாருங்கள். வெளிறிச் சொரசொரப்பாக இருக்கும் பாறை நல்ல பிடி தரும். தண்ணீர் வடிந்து கறுத்த தடத்தில் பாசி இருக்கும்; காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் அதை மிதிக்காமல் தாண்டுங்கள். பாறைமேல் சிதறிக் கிடக்கும் பொடிமணல் அதைவிட மோசம், கண்ணுக்கே தெரியாது. புல்லைப் பிடித்து ஏறாதீர்கள், வேரோடு வந்துவிடும். கல்லிடுக்கில் பார்க்காமல் கையை நுழைக்காதீர்கள். சுருட்டை விரியனுக்கு அந்த மாதிரி இடம் பிடிக்கும். கடித்துவிட்டால் கட்டவோ கீறவோ வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் உட்காரவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

வழி தெரியவில்லை என்றால் முன்னால் போய்த் தேடாதீர்கள், கடைசியாக வழி தெளிவாக இருந்த இடத்துக்குத் திரும்பி வாருங்கள். புதருக்குள் தேய்ந்து தெரிகிற தடம் பெரும்பாலும் ஆடு போன தடம்.

5. உச்சியில்

போகும் வழியில் பிள்ளைத்தடம் குகை இருக்கிறது. நாராயண குரு தவம் இருந்த இடம், சத்தம் போடாமல் பார்த்துவிட்டுப் போங்கள். உச்சியில் தெற்கே குமரிக் கடலும், வானம் தெளிவாக இருந்தால் 133 அடி வள்ளுவர் சிலையும் தெரியும். மறுபக்கம் வயல், குளம், தென்னை, அப்புறம் காற்றாலைகள். விளிம்பில் இருந்து பத்தடி தள்ளியே நில்லுங்கள். செல்ஃபிக்காகப் பின்னால் நகர்பவரை யாராவது அதட்டித்தான் ஆக வேண்டும், கூட வந்தவர் கோபித்தால் கோபிக்கட்டும். காய்ந்த புல் நிறைய இருப்பதால் பீடி, சிகரெட், கற்பூரம் எதுவும் கூடாது. மூலிகை என்று கண்டதைப் பறிக்கவும் வேண்டாம்.

6. இறங்குவது

பாதித் தண்ணீரை இதற்கென்று மிச்சம் வையுங்கள். இறங்கும்போது முழங்காலை லேசாக மடக்கி, எடையைப் பாதத்தின் மேல் வைத்து, குதிகாலை மட்டும் ஊன்றாமல் முழுப் பாதமாக வையுங்கள். சரிவு பயமாக இருந்தால் உட்கார்ந்து நகருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேன்ட் கிழிந்தால் கிழியட்டும். ரொம்பச் செங்குத்தான இடத்தில் பாறையைப் பார்த்தபடி திரும்பி, ஏணியில் இறங்குகிற மாதிரி இறங்கலாம். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது, மேலிருந்து கல் உருளும்.

படிக்கட்டு வந்ததும் தொடை நடுங்கும். அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து மிச்சத் தண்ணீரைக் குடியுங்கள். கைபேசியை அடிவாரம் வரும்வரை வெளியே எடுக்க வேண்டாம்.